கட்டியவர் ஏமாளியா? – வாசகர் கேள்வி பதில்

சாதாரண மக்களின் சொந்தக் கடனை அரசு தள்ளுபடி செய்யலாமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேர்தலுக்குத் தேர்தல் வந்துபோகும் தள்ளுபடியைவிட, மீளவே முடியாதவர் எந்த நாளிலும் தட்டக்கூடிய ஒரு சட்டக் கதவு மேலானது என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியால் பலர் கோபம் கொண்டதும் சிலர் ஐயம் கொண்டதும் வந்த கடிதங்களைப் படித்தபோது தெரிந்தது. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். குடும்பக் கணக்கு பேசும் கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

வாசகி, பெரம்பலூர்: கூட்டுறவுச் சங்கத்தில் என் ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தோம். 2021 பிப்ரவரியில் நான்கு ஆடுகளை விற்று, மீதிக்குக் கைமாற்று வாங்கி மீட்டோம். மீட்காமல் விட்ட பக்கத்து வீட்டாருக்கு அவர்கள் நகை பணம் கட்டாமலே திரும்பி வந்தது. அன்றிலிருந்து, அவசரப்பட்டுக் கட்டியவள் என்று என் மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார். ஒழுங்காகக் கட்டியவரை ஏமாளியாக்குவது நியாயமா?

மீட்காமல் விட்ட எல்லாருக்கும் நகை திரும்பவில்லை என்பதை முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். 2021 மார்ச் 31 அன்று நிலுவையிலிருந்த, 40 கிராமுக்கு, அதாவது ஐந்து பவுனுக்கு மேற்படாத கூட்டுறவு நகைக்கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் ஆய்வுக்கு வந்த 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை எனக் கழிக்கப்பட்டன. குடும்பத்தின் மொத்த அடகு 40 கிராமைத் தாண்டியவர்கள், அதே ஆண்டில் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர்கள், அரசு ஊழியர்கள், கூட்டுறவுப் பணியாளர்கள் எனப் பல வகையினர் விலக்கப்பட்டார்கள். தள்ளுபடி வரும் என்று நம்பி வட்டியைக் கட்டாமல் விட்டுவிட்டுக் கடைசியில் ஏறிய வட்டியோடு மீட்டவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்கள் இதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

இருந்தாலும் உங்கள் கேள்வியின் நியாயம் குறையவில்லை. எந்தத் தள்ளுபடிக்கும் ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதிக்கு முதல் நாள் கட்டியவருக்கும் மறுநாள் வரை கட்டாதவருக்கும் வறுமையில் வேறுபாடு இராது, பலனில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். 2008-இல் மத்திய அரசு அறிவித்த மாபெரும் விவசாயக் கடன் தள்ளுபடியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2007 மார்ச் 31-க்குள் வாங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று தவணை தவறியிருந்து, 2008 பிப்ரவரி 29 வரை கட்டப்படாமல் கிடந்த கடனுக்குத்தான் அந்தச் சலுகை. தவணை தவறாதவருக்கு அதில் இடமே இல்லை.

தவணை தவறாதவர் என்றால் வசதியானவர் என்று தில்லியில் நினைத்திருக்கலாம். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் நின்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். என் பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் ஊர்ப் பணக்காரர் ஒருவரிடம் நான்கைந்து நாளுக்கென்று கடும் வட்டிக்குப் பணம் வாங்கி, சங்கத்தின் பழைய கடனைக் கட்டி முடித்து, நிலத்தின் உரிமையையும் பயிரையும் காட்டும் சிட்டா அடங்கலைக் கொடுத்து, அதே தொகையைப் புதுக் கடனாக எடுத்து, அந்தப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு நேரே பணக்காரர் வீட்டுக்கு நடப்பார். சங்கத்தின் பேரேட்டில் அவர் நாணயமான உறுப்பினர். உண்மையில் பத்து ஆண்டுகளாக ஒரு ரூபாய்கூடக் குறையாத கடனாளி. 2008-இல் அவர் பெயர் பட்டியலில் இல்லை. சங்கத்துக்கு ஓராண்டு முழுக்கக் கட்டாமலிருந்த அவருடைய பங்காளியின் பெயர் இருந்தது.

அந்தத் திட்டத்தைப் பிறகு தணிக்கை செய்த மத்தியத் தணிக்கைத் துறை, 2013-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், சோதித்துப் பார்த்த 90,576 கணக்குகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் குறைபாடு கண்டதாகச் சொன்னது. தகுதியிருந்தும் விடுபட்டவர்களும் தகுதியில்லாமல் பெற்றவர்களும் அதில் கலந்திருந்தார்கள். சேவியர் ஜீனே, மார்ட்டின் கான்ஸ் என்ற பொருளியலாளர்களின் ஆய்வோ, தள்ளுபடி மிகுதியாகக் கிடைத்த மாவட்டங்களில் அதன்பிறகு கடன் திரும்பும் ஒழுங்கு குலைந்ததைக் காட்டியது. உங்கள் மாமியாரின் குறை அந்த ஒழுங்குக் குலைவின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏமாளி அல்லர். ஆனால் அரசு தன் செயலால் உங்களை அப்படி உணர வைத்தது உண்மை. இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர், கோயம்புத்தூர்: என் சேமிப்பு முழுவதும் வங்கி வைப்புநிதியில் இருக்கிறது. மற்றவர் கடனைத் தள்ளுபடி செய்தால் என் வட்டியில் கை வைப்பார்களோ?

அரசு தள்ளுபடி அறிவித்தால் அந்தத் தொகையைக் கருவூலம்தான் வங்கிக்கோ சங்கத்துக்கோ ஈடு செய்கிறது. எனவே உங்கள் வட்டியில் நேரடியாக யாரும் கை வைப்பதில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த ஈடு தவணை தவணையாக வந்து சேர்வதும், அதற்குள் புதுக் கடன் கேட்டு வருவோரிடம் செயலாளர் கைவிரிப்பதும் வேறு கதை.

உங்கள் அச்சம் நீதிமன்றத்திலும் பேசப்பட்ட ஒன்றுதான். கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளை ஒத்திப்போட ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. அந்த மாதங்களின் வட்டியையே ரத்து செய்யுமாறு கேட்டவர்களுக்கு, வைப்புதாரர்களுக்கு வங்கி வட்டி கொடுத்தாக வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டி, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்றது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த வட்டிமேல் வட்டியை மத்திய அரசு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் முடங்கிய பேரிடரில் அரசு அந்த அளவுக்காவது கைகொடுத்தது சரியென்றே நினைக்கிறேன்.

குத்தகை விவசாயி, திருவாரூர்: பயிர் செய்வது நான், வெள்ளத்தில் இழப்பதும் நான். தள்ளுபடி மட்டும் பட்டாதாரருக்குப் போகிறது. இது எந்த ஊர் நியாயம்?

பதிவு பெறாத வாய்மொழிக் குத்தகை இருக்கும் வரை இந்த அநியாயம் நீடிக்கும். கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குச் சங்கம் கேட்பது சிட்டாவும் அடங்கலும். அவை நிலவுடைமையாளர் பெயரில் இருக்கின்றன. குத்தகைதாரர் விதைக்கும் உரத்துக்கும் உரக்கடைக்காரரிடமும் நெல் வியாபாரியிடமும் வாங்கிய கடன் எந்தப் பேரேட்டிலும் இல்லை. பேரேட்டில் இல்லாத கடனை அரசு எப்படித் தள்ளுபடி செய்யும்?

தமிழ்நாட்டில் 2006-இல் புதிய அரசு பதவியேற்ற கையோடு ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய், 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் 5,780 கோடி, 2021-இல் 12,110 கோடி என்று மூன்று பெருந்தள்ளுபடிகள் நடந்தன. மூன்றும் கூட்டுறவுக் கடன்கள். 2016 தள்ளுபடியை ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், சிறு விவசாயிக்கு மட்டும் தருவது பாகுபாடு ஆகாது என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியதும் நினைவிருக்கலாம். ஐந்து ஏக்கரா, ஆறு ஏக்கரா என்ற அந்த வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்தது. ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லாமல் பயிர் செய்கிறவரைப் பற்றிய பேச்சு அதில் எழ வழியே இல்லை.

வாசகர், சேலம்: பெருநிறுவனங்களுக்குப் பத்தாண்டில் 16 லட்சம் கோடி தள்ளுபடி. ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் நாட்டின் பொருளாதாரம் கெட்டுவிடுமா? நீங்களும் அந்தப் பக்கம் பேசுவது வருத்தமாக இருக்கிறது.

தள்ளுபடி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு செயல்களைக் குறித்துக் குழம்புகிறோம். 2014-15 முதல் பத்தாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைத் தங்கள் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்கின என்பது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு. நீக்கியது கணக்கேட்டிலிருந்து மட்டும். கடன்பட்டவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, வழக்கும் ஏலமும் தொடரும். விவசாயிக்குச் செய்யும் தள்ளுபடியிலோ கடனே இல்லாமற்போகிறது. அந்த 16 லட்சம் கோடி முழுவதும் பெருநிறுவனங்களுடையதும் அன்று. இதைச் சொல்வது பெருநிறுவனங்களுக்காக வாதாடுவது ஆகாது.

ஏனென்றால் உங்கள் கோபத்தில் இன்னொரு உண்மை இருக்கிறது. கணக்கேட்டில் நீக்கிய பிறகு திரும்பி வருவது சொற்பம். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் கீழ் தீர்வு கண்ட நிறுவனங்களிடமிருந்து, கடன் கொடுத்தவர்கள் கேட்ட தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது. மீதியை அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போகிறார்கள். நிறுவனம் நொடித்தால் அதற்கொரு தீர்ப்பாயம், ஒரு கால வரம்பு, ஒரு முடிவு. வாரக்கடன் வாங்கிய தையல்காரப் பெண் நொடித்தால் அவருக்குத் தீர்ப்பாயமும் இல்லை, முடிவும் இல்லை. நிறுவனத்துக்குக் கிடைக்கும் அந்த முடிவு தையல்காரப் பெண்ணுக்கும் வேண்டும் என்பதுதான் நான் எழுதிய இரண்டு வரியின் பொருள். நாம் இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறோம் என்று நம்புகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை: வங்கிக் கடனையாவது அரசு தன் பணத்தால் அடைக்கலாம். தனியார் லேவாதேவிக்காரரிடம் வாங்கிய கடனை அரசு எங்காவது குறைத்ததுண்டா?

எங்கோ தேட வேண்டாம். நம் மாநிலத்திலேயே நடந்தது. அதுவும், என் கருத்தில், இதுவரை நடந்தவற்றுள் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டது.

1930-இல் சென்னை மாகாணத்தின் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. விலை சரிந்தால் கடன் தானாக வளர்கிறது. பத்து மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை தேவைப்பட்டது. பத்திரத்தில் எழுதிய ரூபாயோ வட்டியோ மட்டும் சரியவில்லை. இந்த நிலையில்தான் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1938 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவை நீங்கள் நூலகத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். 1932 அக்டோபர் 1-க்கு முன் பட்ட கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும், முதலை மட்டும் கட்டினால் போதும். வட்டியாகவோ முதலாகவோ இரண்டுமாகவோ முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் முதலும் சேர்த்துக் கடனே தீர்ந்தது. 500 ரூபாய் வாங்கியவர் வட்டியாகவே 1,000 கட்டியிருந்தால் அவர் பத்திரத்தைத் திரும்பப் பெறலாம். 700 கட்டியிருந்தால் இன்னும் 300 கட்டி முடிக்கலாம். 1932-க்குப் பிந்திய கடனுக்கு ஐந்து விழுக்காட்டுத் தனிவட்டிக் கணக்கு, சட்டம் வந்த பிறகு ஓடும் வட்டிக்கு ஆறேகால் விழுக்காடு என்று தனித்தனி விதிகள் இருந்தன. ஒரே நேரத்தில் கேட்கும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்பது தரும சாத்திரத்திலேயே ‘தாம்துபட்’ என்ற பெயரில் உள்ள விதி. 1938 சட்டத்தில் அதன் சாயலைக் காணலாம்.

கவனித்தீர்களா, இதில் கருவூலத்திலிருந்து ஒரு காசு போகவில்லை. இழப்பை ஏற்றவர் கடன் கொடுத்தவர். அவரும் முழுதாக இழக்கவில்லை, கொடுத்ததைப்போல் இரு மடங்கு பெற்ற பிறகுதான் கையைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கட்டாதவருக்குப் பரிசு என்ற பேச்சுக்கும் இடமில்லை. எவ்வளவு அதிகம் கட்டியிருக்கிறாரோ அந்த அளவுக்கு அவர் விடுதலைக்கு அருகில் இருக்கிறார். பெரம்பலூர் வாசகியின் கேள்விக்கு இந்தச் சட்டத்தில் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னாளில், நெருக்கடிநிலைக் காலத்திலும் அதை ஒட்டியும், பல மாநிலங்கள் ஏழைகளின் தனியார் கடனை ரத்து செய்தன. மகாராட்டிரத்தின் 1976 சட்டத்தை எதிர்த்து அங்குள்ள வட்டிக்கடைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய 1977 தீர்ப்பில் சட்டம் செல்லும் என்று முடிவாயிற்று. ஆகவே அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று. ஒரே ஓர் எச்சரிக்கை: பத்திரத்தில் உள்ள கடனைத்தான் சட்டத்தால் குறைக்க முடியும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அதன் பிறகும் வெற்றுத் தாளில் கையெழுத்தும், தொகை எழுதாத காசோலையும், கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒழியவில்லை. அந்த வெற்றுத் தாளுக்கு முன் எட்டாம் பிரிவு எழுதியவர்களும் திகைத்துத்தான் நின்றிருப்பார்கள்.

வாசகி, கிளிநொச்சி: போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நுண்கடன் கம்பெனிகள் வீட்டு வாசலிலேயே கடன் தந்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தவர்கள் ஏராளம். அரசு ஒருமுறை தள்ளுபடி செய்தும் ஏன் தீரவில்லை?

2018-இல் இலங்கை அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத, மூன்று மாதத்துக்கும் மேலாகத் தவணை தவறிய நுண்கடனுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 விழுக்காடு என்று உச்சவரம்பும் பின்னர் வந்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் தீரவில்லை என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தவருக்குக் கடன்கள் நான்கு இருக்கும். நான்கில் தவணை தவறியது ஒன்றாக இருக்கும், ஏனென்றால் அந்த ஒன்றின் பணத்தில்தான் மற்ற மூன்றும் கட்டப்பட்டு வந்தன. அரசு கடனை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. கடன்பட்டவரோ மொத்தமாக மூழ்குகிறார்.

இதற்கு நேர்மாறான தவற்றை 2010 அக்டோபரில் ஆந்திரப் பிரதேசம் செய்தது. குழுக்கடன் வசூல் தொல்லையால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தபோது, அந்த அரசு அவசரச் சட்டத்தால் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டிப்போட்டது. தொல்லை நின்றது. வசூலும் ஏறத்தாழ நின்றது, அடுத்த மாதமே புதுக் கடனும் நின்றது. வட்டிக்காரரின் திண்ணைக்கு மறுபடி போக வேண்டியதாயிற்று. கடன் கொடுப்பவரை ஒரே அடியில் விரட்டினால், கடன் தேவைப்படும் காரணம் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது.

தந்தை, நாகர்கோவில்: மகனின் கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்டது. அடுத்த தேர்தலுக்கு முன் தள்ளுபடி வரும், கட்டாதே என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் பைடனே கல்விக்கடனில் தலைக்கு 10,000 டாலரும், வறிய மாணவர் உதவித்தொகை பெற்றவருக்கு 20,000 டாலரும் குறைப்பதாக அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்துவிட்டது. அறிவித்த தள்ளுபடிக்கே அந்தக் கதி. அறிவிக்காத தள்ளுபடிக்காக நீங்கள் காத்திருந்தால் வட்டி ஏறும், மகனோடு சேர்ந்து கையெழுத்திட்ட உங்கள் சிபில் மதிப்பெண்ணும் கெடும். வேலை கிடைக்கவில்லை என்றால் வங்கியில் எழுத்து மூலம் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள்.

வாசகர், திருப்பூர்: சட்டக் கதவு, சட்டக் கதவு என்கிறீர்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஊரை விட்டு ஓடுவதைத்தானே சொல்கிறீர்கள்? பனியன் தொழிலில் அப்படி ஓடியவர்களால் நொடித்தவன் நான்.

உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் மஞ்சள் கடுதாசி என்று நாம் கேலி பேசும் ஐ.பி. மனுவுக்கு, அதாவது தம்மை நொடித்தவர் என அறிவிக்கக் கோரும் மனுவுக்கு அடிப்படை, சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியபோது அந்த 1920 சட்டத்தின்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே நொடித்தவர் என மனு கொடுக்கலாம் என்றிருந்தது. மனு கொடுப்பவருக்கு வழக்குரைஞர் கட்டணமும் பல ஆண்டுக் காத்திருப்பும் தேவை என்பதால், அந்த வழியை உண்மையான ஏழை பயன்படுத்துவதே இல்லை. சொத்தை முன்கூட்டியே மனைவி பெயருக்கு மாற்றிவிட்ட சாமர்த்தியசாலிதான் பயன்படுத்துகிறார். நீங்கள் ஏமாந்தது அவரிடம்.

2016 திவால் சட்டத்தில் இதற்கு மாற்றாக, தனிமனிதருக்கான ஒரு பகுதி இருக்கிறது. அதில் ‘புதிய தொடக்கம்’ என்ற வழி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000-க்கும், கடன் 35,000-க்கும் மேற்படாத, சொந்த வீடில்லாத ஒருவர் மனு செய்து தம் கடனிலிருந்து விடுபடலாம். எழுதியதோடு சரி. அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண மனிதருக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அந்தத் தொகைகளைப் பாருங்கள். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குப் பிணையின்றித் தரும் கடனே நுண்கடன் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வரையறுத்தது. அதாவது மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் கடன் வாங்கும் வாசலுக்குள் வரலாம். வெளியேறும் வாசலுக்கோ மாதம் 5,000-க்கு மேல் ஈட்டக் கூடாது. நுழையும் வாசல் தேர் போகும் அளவு, வெளியேறும் வாசல் பூனை போகும் அளவு.

இங்கிலாந்தில் 2009 முதல் உள்ள ‘கடன் நிவாரண ஆணை’ எப்படி இயங்குகிறது என்று சொல்கிறேன். 2024-இல் திருத்தியபடி, 50,000 பவுண்டுக்கு மேற்படாத கடனும், மிகக் குறைந்த சொத்தும், வீட்டுச் செலவு போக மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சாத வருமானமும் உள்ளவர் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகர் வழியாக விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டு முதல் கட்டணமும் கிடையாது. பன்னிரண்டு மாதம் யாரும் அவரிடம் கேட்க முடியாது. அதற்குள் நிலை மாறாவிட்டால் கடன் நீங்கும். பதிலுக்கு அவர் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் கடன் கேட்டால் தம் நிலையைச் சொல்லியாக வேண்டும், ஆறு ஆண்டுக்கு மறுபடி அந்தப் பக்கம் வர முடியாது. மாணவர் கடனும் நீதிமன்ற அபராதமும் நீங்குவதில்லை. ஓடிப்போகிறவருக்கு இது வசதிப்படாது. இருந்த இடத்திலேயே இருந்து, கணக்கைத் திறந்து காட்டுகிறவருக்குத்தான் வசதிப்படும்.

இதனால் கடன் கொடுப்பவர்கள் தயங்குவார்கள் என்பது உண்மை. சிலருக்குக் கடன் கிடைக்காமலும் போகும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரே பெண்ணுக்கு மூன்று நிறுவனங்கள் கடன் தருவது அவற்றுக்கு நட்டம் வராது என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண வேண்டும். தொகைகளை இன்றைய விலைவாசிக்குத் திருத்தி, தீர்ப்பாயத்துக்குப் பதிலாகத் தாலுகா அளவிலுள்ள சட்டப்பணிகள் குழுவில் மனுவை வாங்க ஏற்பாடு செய்து, அந்தப் பகுதியை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். எந்தத் தேர்தலுக்கும் அது காத்திருக்க வேண்டியதில்லை.

வாசகி, விழுப்புரம்: சட்டம் வரும்போது வரட்டும். இப்போது வாரத் தவணைக்காரர்கள் இரவு ஒன்பது மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

நுண்கடனுக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொலைபேசியில் அழைப்பதுகூடத் தடை. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அங்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராதபோதுதான் வீட்டுக்கே வரலாம். உறவினரை மிரட்டுவதும், பெயரை ஊரறியச் செய்வதும், தகாத சொல் பேசுவதும் தடை. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுத்திருக்கவே கூடாது. உங்களுக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வசூலில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவஞ்சலில் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணமில்லை. மிரட்டல் இருந்தால் அன்றே காவல் நிலையம் செல்லுங்கள். இன்றிரவு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, அவர் பெயரையும் வந்த மணியையும் உங்கள் தவணை அட்டையின் பின்புறத்தில் அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.